என் பையில் அவர்கள் போட்ட கொழுந்து

மேட்டுக்காட்டுக்கு ஏறும்போது நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். எனக்கே அது தெரியாது. பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மரகதம்தான் கேட்டாள். "என்னக்கா, வாயே திறக்க மாட்டேங்கறீங்க? எம்மேல கோவமுங்களா?"

கோபமெல்லாம் இல்லை, மூச்சு போதவில்லை. குன்னூர்க் குளிரில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று இருந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயது, முப்பது வருடமாக இதே மேடு. செடிகளுக்கு நடுவே நின்றால் மூடுபனி வந்து போர்த்தும். அது விலகும்போது நின்றது ஒரு நிமிடமா ஒரு மணி நேரமா என்று தெரியாது. சொல்லப்போனால் அந்தக் கிறக்கம் எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கும் அப்படி வந்தால் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள், டாக்டரிடம் போய்த் தொலையுங்கள்.

நானும் போனேன். "முன்ன மாதிரி வேலை செய்ய முடியுதா?" என்று கேட்டார் எங்கள் ஊர் டாக்டர். "அதெல்லாம் குறையலீங்க, பறிக்கற கொழுந்து தினம் அதே எடைதானுங்க" என்றேன் பெருமையாக. அவர் ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் அப்படியே போயிற்று.

பிறகு ஒரு முற்பகலில் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தேன். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். மகாதமனி வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல்) சுருங்கி, ஊசித்துளை போல ஆகியிருந்தது.

"ஒரு வருசமாவது மூச்சு வாங்கியிருக்கணுமேம்மா. எப்படி வேலை செஞ்சீங்க?" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. நான் மறுபடியும் என் எடைப் பெருமையை ஆரம்பித்தேன். கூட வந்திருந்த மரகதம் அழ ஆரம்பித்தாள்.

"அந்த எடை அக்காவோடது இல்லீங்க. பக்கத்து நிரைல நாங்க நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு பிடி அவங்க பையில போட்டுட்டு இருந்தோமுங்க."

எங்கள் காட்டில் இது பழக்கம்தான். மாசமாக இருப்பவள், காய்ச்சல்காரி, யார் பின்தங்கினாலும் பக்கத்து நிரைக்காரிகள் அவள் பையை நிரப்புவார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். எனக்கும் ஒருத்தி போடுவாள் என்று தோன்றவே இல்லை. ஆத்திரத்தில் மரகதத்தோடு இரண்டு நாள் பேசவில்லை.

தாமதத்தால் இதயத்தின் தசை தடித்துச் சோர்ந்திருந்தது. "வால்வை மாத்திடலாம். பழைய பலம் திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. மறுபடி மேடு ஏறுவேனா என்பது ஒன்றுதான் என் கவலை.

வால்வில் இரண்டு வகை. உலோக வால்வு நீண்டநாள் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும். திசு வால்வு (மாட்டின் இதய உறையில் செய்தது) தேய்ந்துபோகும், ஆனால் அந்த மாத்திரை பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். எங்களுக்கு மழைக்காலத்தில் கால் முழுக்க அட்டைக்கடி, கையில் கொழுந்து வெட்டும் கத்தரி; அந்த மாத்திரை தின்றால் ரத்தம் லேசில் நிற்காது. நான் மாட்டையே கேட்டேன். "இனி உன்ன அதட்டுனா பாவமுல்ல" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள் என்னிடம் வரிசையாக இல்லை. சுவாசக் கருவியின் சத்தம் தேயிலை ஃபேக்டரி விசிறி போல ஓடிக்கொண்டே இருந்தது. கூரையிலிருந்து மூடுபனி இறங்கியது. அதற்குள் யாரோ என் பையில் கொழுந்து போட்டபடி இருந்தார்கள், பை கனக்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், தொண்டையில் குழாய் இருந்தது.

அறுத்த நெஞ்செலும்பு கூடும்வரை மூன்று மாதம் குடம்கூடத் தூக்கவில்லை. நீங்களும் வால்வு மாற்றியவரானால், பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைப் பற்றிச் சொல்லுங்கள். கிருமி புகுந்தால் வால்வைக் கெடுத்துவிடும்.

ஒரு வருடம் கழித்து எக்கோ எடுத்தபோது வால்வு அழகாகத் திறந்து மூடியது. இதயம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நடக்கலாம், சமைக்கலாம், மேட்டுக்காடு இனி இல்லை. வால்வு பத்து, பதினைந்து வருடம் தாங்கலாம், பிறகு மறுபடி மாற்ற வேண்டிவரும் என்றார்கள். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுவோம். எனக்கு இன்னும் மூன்று கவாத்து என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பகல்கள் இப்போது நீளமாக இருக்கின்றன. படுத்தால் நெஞ்சில் யாரோ நிதானமாக நடப்பது கேட்கிறது, அது நான்தான் என்று பழக நாளாயிற்று.

அந்த எக்கோ எடுத்துத் திரும்பிய அன்று மாலை மரகதம் வந்து வாசலில் உட்கார்ந்தாள். மேட்டுக்காடு இனி இல்லை என்ற விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள். "நாங்க போடாம இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவள் தலை குனிந்தது. "தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உங்கள ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பனுங்க" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பிடி போட்டுட்டுத்தானுங்க."