விட்டுவிடக்கூடிய பாட்டு

யோகமலர் விக்னராஜாவுக்கு மெல்பேர்ணில் கிடைத்த முதல் வேலை, மற்றவர்கள் எழுதியதை அழிப்பது.

1972ஆம் ஆண்டு, குளிர்காலம் முடிகிற நேரம். ஃபிளிண்டர்ஸ் லேனில் பொத்தான் மொத்த வியாபாரி ஒருவரின் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அந்தக் கம்பனி இருந்தது. நியூயோர்க்கின் பிராட்வே அரங்குகளில் ஓடி முடிந்த இசைநாடகங்களின் பிரதிகளை அவர்கள் வாடகைக்கு அனுப்பினார்கள். விக்டோரியாவிலும் டஸ்மேனியாவிலும் அப்போது ஊருக்கு ஓர் இசைநாடகச் சங்கம். பகலில் வங்கியிலும் இறைச்சிக்கடையிலும் வேலை செய்கிறவர்கள் சாயங்காலங்களில் கூடி மூன்று மாதம் ஒத்திகை பார்த்து, நகர மண்டபத்தில் நாலு நாள் ஆடிப் பாடுவார்கள். அவர்களுக்கு வேண்டிய பாட்டுப் புத்தகங்களும், வயலினுக்கு, குழலுக்கு, எக்காளத்துக்கு என்று தனித்தனியாக எழுதிய வாத்தியப் பிரதிகளும் ஒரு மரப்பெட்டியில் ரயிலிலோ கப்பலிலோ ஏறிப் போகும். நாடகம் முடிந்ததும் திரும்பி வரும். வரும்போது பக்கமெல்லாம் பென்சில் கிறுக்கல். அடுத்த ஊருக்குப் போகுமுன் அவ்வளவும் அழிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பாடசாலையில் யோகா கணக்கும் மேற்கத்திய சங்கீதமும் படிப்பித்தவள். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவள். கணவன் விக்னராஜா பாலம் கட்டும் எஞ்சினியர். அவனுடைய வேலைக்காகத்தான் இருவரும் வந்தார்கள். அவளுடைய ஆசிரியர் சான்றிதழைப் பார்த்த கல்வி இலாகா அதிகாரி, இன்னும் இரண்டு வருடம் படித்துவிட்டு வரும்படி மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம் பத்திரிகையில் இந்த விளம்பரத்தைக் கண்டாள். சுரக்குறிப்பு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது.

கம்பனியை நடத்தியவர் மிஸஸ் டன், அறுபதை நெருங்கிய பெண்மணி. அவர் ஒரு பக்கத்தை மேசையில் வைத்து, எது அச்சு, எது பென்சில் என்று கேட்டார். யோகா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஓரிடத்தில் நின்று, "இது பென்சில்தான். ஆனால் இதை அழிக்கக் கூடாது. அச்சில் பிழை இருக்கிறது, வாசித்தவர் திருத்தியிருக்கிறார்" என்றாள். மிஸஸ் டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

"என்ன வேலை தந்தவை?" என்று விக்னராஜா கேட்டான்.

"அழிக்கிற வேலை."

"என்னத்தை?"

"பென்சிலை."

"இதுக்கே நீர் லண்டன் சங்கீதச் சோதினை பாஸ் பண்ணினனீர்?"

"ஓம். அது பாஸ் பண்ணாத ஆக்களுக்கு எதை அழிக்கிறதெண்டு தெரியாது" என்றாள் யோகா.

வேலை அவள் நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது. மென்மையான அழிரப்பர் ஒன்று, தூசி தட்ட ஒரு பழைய வர்ணத்தூரிகை, சன்னலோரம் ஒரு மேசை. வாத்தியக்காரர்கள் சங்கீதக் குறிப்புகளை மட்டும் எழுதவில்லை. வாத்தியக் குழுவை நடத்துபவரைப் பார் என்பதற்கு ஒரு சோடி மூக்குக்கண்ணாடி வரைந்திருப்பார்கள். 'இவள் எப்போதும் பிந்துவாள், காத்திரு' என்றிருக்கும். டிரம்போன்காரருக்கு அறுபது எழுபது தாளக் கட்டங்கள் ஓய்வு வருவதால் அந்த இடங்களில் கிரிக்கெட் எண்ணிக்கை, ஒரு டெலிபோன் இலக்கம், 'செவ்வாய் காலை, பெண் குழந்தை, ஏழு இறாத்தல்' என்றெல்லாம் இருக்கும். யோகா வாசிப்பாள், பிறகு அழிப்பாள்.

இப்படியே, ஒரு நாடகத்தையும் மேடையில் பார்க்காமல், முப்பது நாற்பது பிராட்வே இசைநாடகங்களின் பாட்டுகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடமாயின. எது எந்தச் சுருதியில் தொடங்குகிறது, எங்கே தாவுகிறது, எக்காளம் எந்தச் சொல்லின் மேல் விழுகிறது என்பதெல்லாம் தெரியும். வீட்டில் பியானோ இல்லை. எல்லாம் மனதுக்குள் கேட்டதுதான்.

அந்தப் பாட்டும் அப்படிக் கேட்டதே. 1940களில் எழுதிய ஒரு நாடகம் அது. படகுத்துறையில் டிக்கட் விற்கும் ஒருத்திக்கும் ஒரு கப்பற்காரனுக்கும் இடையில் காதல். இரண்டாம் பாகத்தில் அவன் திரும்பி வருவானா மாட்டானா என்று அவள் துறையில் காத்திருப்பாள். அப்போது பக்கத்து ரொட்டிக்கடைக் கிழவர் கடையைப் பூட்டப் போகும் நேரத்தில் தனியே நின்று ஒரு பாட்டுப் பாடுவார். நாளைக்கு வேண்டிய மாவை இன்றைக்கே பிசைந்து வைக்க வேண்டும் என்பதுதான் அதில் விஷயம். மெட்டு அடித்தொண்டையில் தொடங்கி வரிக்கு ஒரு படியாக ஏறும். இதோ உச்சம் என்று எதிர்பார்க்கிற இடத்தில் ஏறாது. கடைசி வரியில்தான் அதைத் தொடும். அவ்வளவு நேரமும் இரண்டாம் வயலின் ஒரே சுரத்தைப் பதினொரு கட்டங்களுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும், கீழே செல்லோ நடந்துகொண்டிருக்கும். அந்த நிற்கிற சுரம் யோகாவுக்குப் பிடித்திருந்தது. ஏனென்று அவள் ஆராயவில்லை.

பாட்டின் தலைப்பில் 'விரும்பினால் விட்டுவிடலாம்' என்று அச்சிட்டிருந்தது. எல்லோரும் விட்டார்கள். எந்த ஊரிலிருந்து பெட்டி வந்தாலும் அந்த இரண்டு பக்கங்களின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி. வேறு கிறுக்கல் ஒன்றும் இராது. நாலு வருடத்தில் அந்தக் குறியை அவள் பதினேழு தடவை அழித்தாள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது பேச்சு, ஆளுக்குப் பிடித்த பாட்டு எது என்பதில் வந்து நின்றது. மிஸஸ் டன், கதாநாயகி மாடிப்படியில் இறங்கி வந்து பாடும் ஒரு காதல் பாட்டைச் சொன்னார். பெட்டி கட்டும் ரொன், சப்பாத்து அதிர ஆடுகிற ஒரு பாட்டைச் சொல்லிக் கதிரையில் இருந்தபடியே தாளமும் போட்டுக் காட்டினார்.

"உங்களுக்கு?" என்றார் மிஸஸ் டன்.

"ரொட்டிக்காரரின் பாட்டு."

"எந்த ரொட்டிக்காரர்?"

யோகா நாடகத்தைச் சொன்னாள். ரொன் சிரித்தார். "அதை யாரும் பாடுவதில்லையே."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் யோகா.

1976ஆம் ஆண்டு காசில்மெயினிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹாலம் என்ற பள்ளிக்கூட ஆசிரியர், அந்த ஊர்ச் சங்கத்தின் வாத்தியக் குழுவை நடத்துபவர். படகுத்துறை நாடகத்தைப் போடப் போகிறார்கள். கம்பளி தரம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கேர்பி என்றொருவர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார். கனமான நல்ல குரல். ஆனால் வயதுக்கேற்ற பாத்திரம் ஒன்றும் அகப்படவில்லை. கம்பனி ஏதாவது ஆலோசனை சொல்லுமா?

மிஸஸ் டன் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. யோகா கம்பனியின் கடிதத்தாளை எடுத்துத் தட்டெழுத்துப் பொறியில் ஏற்றி, இரண்டு விரலால் பதில் அடித்தாள். ரொட்டிக்காரரின் பாட்டை மிஸ்டர் கேர்பிக்குக் கொடுக்கலாம், எங்கள் அபிப்பிராயத்தில் இந்த நாடகத்தின் மிகச் சிறந்த பாட்டு அதுவே என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டாள்.

மூன்று நாளுக்குப் பிறகு மிஸஸ் டன் கடிதத்தின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"'எங்கள் அபிப்பிராயத்தில்' என்று இருக்கிறது. யாருடைய அபிப்பிராயம்?"

"என்னுடையது."

"இந்த நாடகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"வேறு ஏதாவது நாடகத்தை?"

யோகா யோசித்துப் பார்த்தாள். டிக்கட் விலை ஒரு காரணம், விக்னராஜாவுக்குப் பாட்டில் நாட்டமில்லாதது இன்னொரு காரணம். "ஒன்றும் பார்க்கவில்லை" என்றாள்.

மிஸஸ் டன் பிரதியை மேசையில் வைத்தார். "சரி, போன கடிதம் போனதுதான். அவர்கள் அழைத்தால் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள்."

அழைப்பு வந்தது, இரண்டு டிக்கட்டுகளுடன். ஒரு சனிக்கிழமை காலை யோகாவும் விக்னராஜாவும் ஸ்பென்சர் ஸ்ட்ரீட்டில் ரயிலேறினார்கள். அவள் பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, மேலே மழைக் கோட்டுப் போட்டிருந்தாள். பகல் இரண்டு மணிக்கு ஆட்டம். மண்டபத்தில் முந்நூறு பேர் வரை இருந்தார்கள். ஹாலம் அவர்களை வாசலில் எதிர்கொண்டு மூன்றாம் வரிசையில் இருத்தினார். வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தார்கள். இரண்டாம் வயலின்காரி ஒரு மருந்துக்கடைப் பெண் என்று ஹாலம் சொன்னார்.

முதல் பாகம் முழுவதும் யோகாவுக்கு ஒரே வேடிக்கை. காகிதத்தில் தெரிந்த பாட்டுகளுக்கு இப்போது கை கால் முளைத்திருந்தன. டிக்கட்காரி சீருடை போல ஒன்றைப் போட்டுக்கொண்டு துள்ளினாள். சனங்கள் சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பாராத இடங்களில் சிரித்தார்கள். விக்னராஜாகூட ஓரிடத்தில் கைதட்டினான்.

இரண்டாம் பாகத்தில் கேர்பி வந்தார். பெரிய உருவம், மாப் பூசிய கைகள். விளக்குச் சற்று மங்கியது. செல்லோ தொடங்கியது. அவர் நன்றாகவே பாடினார், சுருதி எங்கும் விலகவில்லை. இரண்டாம் வயலின்காரி அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்தாள். யோகா முன்னால் சாய்ந்து இருந்தாள்.

முதல் சரணம் முடிவதற்குள் சனங்கள் அசையத் தொடங்கினார்கள். பின்னால் யாரோ இனிப்புத் தாளைப் பிரிக்கும் சத்தம். இருமல். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, கப்பற்காரன் எங்கே என்று உரத்துக் கேட்டது. பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். யோகாவுக்கு அந்தப் பிள்ளையில் கோபம் வரவில்லை. அதன் கேள்வி நியாயமாகவே பட்டது. டிக்கட்காரி துறையில் நிற்கிறாள், அவன் வருவானா என்று முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் வந்து நாலு நிமிடம் மாவைப் பற்றிப் பாடுகிறார். கதை அப்படியே நின்றுபோயிருந்தது. விட்டவர்கள் காரணத்தோடுதான் விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. அந்த மெட்டு அவளுக்கு அப்போதும் பிடித்துத்தான் இருந்தது.

மரியாதைக்குக் கைதட்டினார்கள். அடுத்து வந்த பிரபலமான பாட்டுக்கு மண்டபம் அதிர்ந்தது.

முடிந்த பிறகு பின்னறையில் தேநீரும் ஸ்கோன் என்ற சிறிய ரொட்டியும் கொடுத்தார்கள். ஹாலம் அவளிடம் வந்தார்.

"எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்."

"பாட்டு நல்லது. இருக்கிற இடம் பிழை. நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாது."

"எனக்கும் இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது" என்றார் ஹாலம். "ஆனால் அதற்குள் கேர்பி பாடமாக்கிவிட்டார். மனைவி இறந்த பிறகு வீட்டைவிட்டு வெளியே வராத மனிதர். கிழமைக்கு இரண்டு தரம் ஒத்திகைக்கு வந்தார். எடுத்துவிட மனம் வரவில்லை."

கேர்பியே அப்போது ஒரு கோப்பையோடு வந்து நின்றார். கைகளில் மா இன்னும் போகவில்லை. "நீங்கள்தானா அந்தப் பெண்மணி? சரியாக வந்ததா?"

பொய் சொல்ல யோகாவுக்கு விருப்பமில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. "மூன்றாம் வரிக்குப் பிறகு ஒன்றரைக் கட்டம் ஓய்வு இருக்கிறது. அப்படியான இடத்தில் அனேகமானவர்கள் முந்திவிடுவார்கள். நீங்கள் முந்தவில்லை."

"அதற்கு ஆறு வாரம் எடுத்தது" என்றார் கேர்பி. இன்னொரு ஸ்கோனை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தார்.

திரும்பும் ரயிலில் விக்னராஜா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டான்.

"எனக்கு அந்த ரொட்டிக்காரன்ரை பாட்டுத்தான் பிடிச்சது" என்றான்.

யோகா திரும்பிப் பார்த்தாள். "உண்மையாவோ? ஏன்?"

"மற்றப் பாட்டுகள் வலு சத்தம். அதிலதான் நான் நல்ல நித்திரை கொண்டனான்."

யோகா சிரித்த சிரிப்பில் எதிரே இருந்தவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை மிஸஸ் டன் விசாரித்தபோது, நடந்ததை அப்படியே சொன்னாள். "இனி 'எங்கள்' என்று எழுத வேண்டாம். 'என்' என்று எழுதுங்கள்" என்பதோடு மிஸஸ் டன் முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆலோசனை கேட்டு வந்த கடிதங்கள் யோகாவின் மேசைக்கே வந்தன.

பெட்டி அடுத்த கிழமை காசில்மெயினிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த இரண்டு பக்கங்களிலும் முதல் தடவையாகக் கிறுக்கல் இருந்தது. செல்லோவில், 'கேர்பி இங்கே மூச்செடுப்பார்.' இரண்டாம் வயலினில், அந்த நீண்ட சுரத்தின் ஒன்பதாம் கட்டத்துக்கு மேலே, 'இன்னும் எவ்வளவு நேரம்?' யோகா இரண்டையும் வாசித்தாள், அழிரப்பரை எடுத்தாள், அழித்துத் தூசியைத் தட்டினாள். பெட்டி பத்தாம் நாள் டஸ்மேனியாவுக்குப் போனது.

அடுத்த இரண்டு வருடங்களில், அச்சுப் பிழைகளையெல்லாம் நாடகவாரியாகத் தொகுத்து நாற்பது பக்கத்தில் ஒரு பட்டியல் செய்தாள். 1979இல் கம்பனி சிட்னிக்கு மாறி, பரமட்டாவில் வாடகை குறைந்த ஒரு களஞ்சியத்துக்குப் போனபோது அந்தப் பட்டியலும் கூடவே போனது. மிஸஸ் டன் அவளையும் வரச் சொல்லிக் கேட்டார். விக்னராஜாவுக்கு மெல்பேர்ணில் வேலை நிரந்தரமாகி, கிளென் வேவர்லியில் வீடும் வாங்கியாயிற்று. யோகாவும் அதற்குள், கல்வி இலாகா கேட்ட இரண்டு வருடப் படிப்பை மாலை வகுப்பில் முடித்திருந்தாள்.

நேர்முகத்தில், ஏழு வருடம் சங்கீதக் கம்பனியில் இருந்தவர் ஏன் கணக்குப் படிப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார் என்று பாடசாலை அதிபர் கேட்டார்.

"கணக்குக்குத்தான் உங்களிடம் இடம் இருக்கிறது" என்றாள் யோகா.

அந்தப் பாடசாலையில் அவள் பத்தொன்பது வருடம் கணக்குப் படிப்பித்தாள்.