வயிற்றில் கூடிப்போன ஈயம்

காலில்லாத எலெக்ட்ரானிக் சிப்பைக் கண்டுபிடித்தவரை ஒரே ஒரு நாள் என் மேசையில் உட்கார வைக்க வேண்டும். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். பழைய சிப்புகள் நாலு பக்கமும் கால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக ஈயம் வைத்துவிடலாம். இதற்கு எல்லாமே அடியில். ஓரத்தில் பொடிப்பொடியாகத் தகடுகள், நடுவயிற்றில் பெரிதாக ஒன்று. சர்க்யூட் போர்டில் ஈயப் பசை வைத்து, மேலே சிப்பை உட்கார்த்தி, சூடான காற்றை ஊத வேண்டும். அது சரியாக உட்கார்ந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பெங்களூரு ஈஜிபுராவில் வீடு, நடக்கிற தூரத்தில் ஆபீஸ். பதினெட்டு வருஷமாக இதே தொழில்தான். புது போர்டு எதுவானாலும் என் கையில்தான் முதலில் உயிர் வரும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

போன வருஷம் எங்கள் இன்ஜினியர் மேடம் முதல் முறையாகத் தனியாக ஒரு போர்டு டிசைன் செய்தார். அது ஓடினால்தான் அடுத்த வேலையை நம்பிக் கொடுப்பார்கள். மாதிரிக்கு ஐந்து போர்டு வந்தது. ஐந்திலும் சிப் வைத்துக் கொடுத்தேன். ஐந்தும் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

"அக்கா, சோல்டரிங் ஒரு தடவ பாக்கலாமா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒண்ணு செத்தா என் கை, மேடம். அஞ்சும் செத்தா உங்க டிராயிங்!" என்றேன், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

எங்கள் தொழிலில் அது நியாயமான பேச்சுதான். கை ஒரு இடத்தில் தப்பும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாது. மேடமும் நம்பிவிட்டார். இரண்டு நாள் டிராயிங்கைக் கோடு கோடாகப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைகிறேன், கஸ்டமரை ஒரு மாதம் தள்ளி வரச் சொல்லுங்கள் என்று கேட்க முதலாளி அறைக்குப் போனார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

சிப்பையாவது கழற்றி வைப்போம் என்று நான் ஒரு போர்டுக்குச் சூடு காட்டினேன். ட்வீசர் இடுக்கியால் சும்மா அதன் தலையில் ஒரு அமுக்கு அமுக்கினேன். பூரணம் அதிகமான கொழுக்கட்டை மாதிரி நாலு பக்கமும் ஈயம் பிதுங்கி வந்தது. வயிற்றில் நான் வைத்த பசை கூடிப்போய், சிப் அதன் மேல் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. ஓரத் தகடுகள் போர்டைத் தொடவே இல்லை. சோறு போடுகிற கை தாராளம் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். இங்கேயும் ஐந்து இலைக்கும் ஒரே அளவாகப் பரிமாறியிருக்கிறேன்.

பிதுங்கியதைத் துடைத்துவிட்டு பேட்டரியில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

மற்ற நாலையும் சத்தமில்லாமல் அமுக்கிவிட்டு, என்னமோ சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா? நினைக்கவில்லை என்றால் பொய். என்ன சொல்வதென்று முடிவு செய்யாமலே போர்டோடு முதலாளி அறைக் கதவு வரை போய்விட்டேன். சோல்டரிங்கில் தப்பு இருக்காதா என்று உள்ளே முதலாளி கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கன கை மேலெ நனகெ டவுட்டே இல்ல சார்" என்றார் மேடம். அக்கா கை மேல் அவருக்குச் சந்தேகமே இல்லையாம்.

பதினெட்டு வருஷத்தில் என் கையைப் பற்றி ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"டிராயிங் சரியாதான் இருக்கு சார். தப்பு என் கைதான். அஞ்சுலயும்" என்றேன். வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மேடம் போர்டை வாங்கி அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"அஞ்சுமேவா அக்கா?"

"அஞ்சுமே, மேடம்."

கண்ணில் தண்ணீர் நிற்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.