வெளிநாட்டு சேனலுக்கு ஒரு கேசட்

பிள்ளைகளே, நான் மண்ணூர்பேட்டையில் கேபிள் லைன்மேனாக இருந்தபோது நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். அரசாங்கம் அல்ல, கேபிள் ஆபரேட்டர் சங்கம். எட்டாவதுதான் படித்தவன் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் எழுதியது நான்.

1. தீர்மானம்

டிஷ் ஆன்டெனா வந்த புதிது. ஜனங்கள் வெளிநாட்டு சேனலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லி சலீம் பாய் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. கேமரா துணி சுற்றிக் கிடந்தது.

"ஆடிக்குள்ள வேற வேலை காட்டலைன்னா, கேமராவை வித்துட்டு கட்டில் கடையில வந்து குந்துன்னு மாமனார் சொல்லிட்டாரு" என்று பாய் என் முதலாளி தனசேகர் அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் சங்கக் கூட்டத்தில் எழுந்தார். "வெளிநாட்டு சேனல் காட்டித்தான் சம்பாரிக்கிறோம். சேனலுக்கு ஒண்ணுன்னு மாசாமாசம், பாய் படம் புடிக்க புது கேசட் வரியா குடுப்போம். பாய்க்கு பேட்டாவும் குடுப்போம். நம்மூரு நாடகம் எடுத்து நாமளே போடுவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பிறகுதான் விலக்கு கேட்க ஆரம்பித்தார்கள்.

"டிஷ் என் மொட்டை மாடில கீது. மாடி அம்பத்தூர்ல கீது. அது எப்டி வெளிநாடு ஆவும்?" என்றார் சங்கத் தலைவர். விலக்கு என்று எழுதினேன்.

"ஆவடில அந்த சேனல் தெரியறதே இல்ல மாமே. வெறும் புள்ளிதான். புள்ளிக்கு வரியா?" என்றார் ஆவடிக்காரர். அவருக்கும் விலக்கு.

"எங்க தெருவுல சவுண்டைக் கொறச்சிட்டுதான் பாக்குறாங்க. பாஷை கேட்டாதானே வெளிநாடு" என்றார் இன்னொருவர்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வரி கட்ட மிஞ்சியது விலக்கே கேட்காத என் முதலாளி மட்டும்தான். அவரிடம் நாலு வெளிநாட்டு சேனல். "சொன்னவன் நான்தானே. நாலு கேசட்னு எழுது" என்றார்.

2. சாவுக் காட்சி

முதலாளி வீட்டிலேயே படப்பிடிப்பு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டும் முருகேசன் கதாநாயகன். முதலாளி சம்சாரம் அவன் மனைவியாக நடித்தார். நான் டாக்டர். லைன்மேன் பைதான் மருந்துப் பை. அதிலிருந்து கேபிள் ஒயர் தொங்கியது.

கடைசி கேசட்டின் கடைசியில் முருகேசன் சாக வேண்டும். செத்தான். மனைவி வேஷத்தில் இருந்த அக்கா விழுந்து அழுதார். அந்த நேரம் பார்த்து எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் சங்கு ஊதியது. பிணம் எழுந்து செருப்பு தேடியது.

"நீ செத்துட்டடா, படு" என்றார் சலீம் பாய்.

"லேட்டானா கேட்டை மூடிடுவான் பாய்" என்று முருகேசன் ஓடினான். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டப்பாவ உட்டுட்டுப் போறியே நைனா" என்று அவனுக்குக் கட்டி வைத்திருந்த சாப்பாட்டோடு பின்னால் ஓடினார்.

கேமராவில் எல்லாமே பதிவாகிவிட்டது. மறுபடி எடுக்க கேசட் இல்லை. அதோடு நாடகம் முடிந்தது. கேமராவைத் துணியில் சுற்றிய பாயின் முகத்தை நான் பார்க்கவில்லை. கட்டில் கடை நிச்சயம் என்றே நினைத்தேன்.

3. புள்ளி

ஞாயிற்றுக்கிழமை அப்படியே போட்டோம். திங்கட்கிழமை கம்பம் ஏறவே பயந்தேன். கீழே ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். "செத்தவன் ஷிஃப்டுக்குப் போறானே, அத்த இன்னொரு தபா போடுப்பா. எங்க ஊட்டுக்காரரும் அப்டித்தான், சங்கு ஊதுனா நிக்க மாட்டாரு."

அந்த வாரத்துக்குள் மற்ற ஆபரேட்டர்கள் கேபிள் கொடுத்திருந்த வீடுகளிலும் அந்த நாடகத்தைக் கேட்டு நச்சரித்தார்கள். சங்கத் தலைவர் எங்கள் கேபிள் கடைக்கு வந்தார். "சங்கத்து நாடகம்தானே தனசேகரு, ஒரு காப்பி குடேன்."

"உங்க மாடி அம்பத்தூர்ல கீது தலைவரே. வரியும் இல்ல, காப்பியும் இல்ல" என்றார் அண்ணன்.

மறு கூட்டத்தில் விலக்குகளை நானே ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். சலீம் பாய் மடியில் கேசட்டுகள் குவிந்தன. கேமரா விற்கப்படவில்லை.

பிள்ளைகளே, பொதுக் காரியத்துக்கு யாரும் வரவில்லையே என்று சோர்ந்து உட்காராதீர்கள். முதலில் உங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அன்று கூட்டத்தில் கடைசியாக எழுந்தவர் ஆவடிக்காரர். இரண்டு கேசட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நேத்துலேர்ந்து புள்ளியே இல்ல பாய். கண்ணாடியாட்டம் தெரியுது."