எங்கள் பள்ளிக்கு ஒரு வளைவு

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில்தான் நான் படித்தேன். பிறகு அங்கேயே வேதியியல் ஆசிரியையாக வந்தேன். ஒரு பருத்திக் குடோனில் ஆரம்பப் பள்ளியாகத் தொடங்கி, நடுநிலையாகி, உயர்நிலையாகி, அதற்கு மேல் வளராமல் நின்ற பள்ளி அது. பத்தாவது முடிந்தால் பெண்பிள்ளைகளைத் தறிக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் கட்டிக்கொடுப்பார்கள். ஊர்க்காரர்கள் சென்னைக்கு நடையாய் நடந்துதான் மேல்நிலை வந்தது. அந்த வருஷம், பெண் கேட்டு வந்தவர்களை அப்பா காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் என்னைச் சேர்த்தார்.

அந்தப் பிரிவின் கதை இன்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. காலையில் தனியார் பள்ளி வேன்கள் தோட்டத்து வீடு வீடாகப் புகுந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவேயில்லை. சேர்க்கை கூடாவிட்டால் பிரிவை மூடிவிடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அப்போது என் மகள் இங்கே பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அதே பிரிவில் சேரத்தான் காத்திருந்தாள்.

முன்னாள் மாணவர்கள் கூட்டம் போட்டார்கள். எண்ணெய் மில்காரர்கள், தறி வைத்திருப்பவர்கள், எல்லாரும் இந்தப் பள்ளியில் படித்து ஆளானவர்கள். அரசு ஆள் போடும்வரை இயற்பியலுக்கு ஒருவரை நீங்கள் வைத்துக் கொடுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இங்கே அனுப்புங்கள் என்று கேட்டேன். குறுக்கே பேசாமல் கேட்டார்கள். எனக்கு டீயும் முறுக்கும் வந்தது.

பிறகு சங்கத் தலைவர், எண்ணெய் மில் முதலாளி, பேசினார். "டீச்சரம்மா, வாத்தியாரு வெச்சுக் குடுத்தா நாலு வருசத்துல ஊரு மறந்துபோயிருமுங்க. ரோட்டுல போறவங்க கண்ணுல படற மாதிரி வாசல்ல ஒரு வளைவு கட்டிப்போடலாமுங்க."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க பேத்தி எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க? அதை இங்க அனுப்புவீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே, "பாக்கலாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாமுங்க என்றால் முடியாது என்று அர்த்தம். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். இத்தனை மரியாதையாக மறுக்கிறவர்களிடம் என்னதான் செய்வது? விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டப்போகிறார்கள் என்று வீட்டில் வந்து பாத்திரங்களிடம் கத்தினேன்.

வளைவு வந்தது. மேலே சரஸ்வதி, இரண்டு பக்கமும் மயில், தூண்களில் கிரானைட்டில் கொடுத்தவர்கள் பெயர். சரஸ்வதிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில் அறிவியல் பிரிவை மூடும் உத்தரவும் வந்தது.

காங்கேயத்தில் சேருவதற்காக மகள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்றுதான் திறப்பு விழா. அங்கே சேர்க்கைக்கு அதுவே கடைசி நாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வந்தால் குறுக்கே சிவப்பு ரிப்பன். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. பஸ் வரும் சத்தம் கேட்டது.

மில் முதலாளி அவளிடம் அன்பாகத்தான் சொன்னார்: "செத்த பொறு கண்ணு. அவரு வந்து வெட்டட்டும், அப்பறம் போலாம்."

நான் ஒரு கையால் ரிப்பனைத் தூக்கிப் பிடித்தேன். மகள் குனிந்து போய் பஸ்ஸைப் பிடித்தாள். அந்தப் புது வளைவில் முதல் ஆளாக நடந்தவள் அவள்தான், பள்ளியை விட்டு வெளியே.