உப்புக் கரித்த சுவருக்கு ஜாமீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சர்க்கார் மராமத்து ஆபீசில் டெண்டர் செக்‌ஷன் குமாஸ்தா. மாம்பலத்தில் அப்போது புதுத் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம் கட்டும் வேலை திருவல்லிக்கேணி காசிம் மேஸ்திரிக்குக் கிடைத்தது. அவருக்கு அது முதல் சர்க்கார் வேலை.

எங்கள் காண்டிராக்டர் லிஸ்டில் பெயர் இருந்தால்தான் டெண்டர் போட முடியும். டெபாசிட் கட்ட வேண்டும். அதற்கு மேல், சொத்து உள்ள ஒருவர் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மயிலாப்பூரில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த முனுசாமி, தன் வீட்டைக் காட்டி காசிமுக்கு ஜாமீன் போட்டார். கெடு தவறினால் டெபாசிட் போகும், லிஸ்டிலிருந்து பெயரையும் அடித்துவிடுவார்கள். வேலை பாதியில் நின்றால் முனுசாமியின் வீடும் ஏலத்துக்கு வரும்.

கெடு நாளில் இன்ஜினீயர் வந்து வேலையை ஒப்புக்கொள்ள இரண்டே நாள் இருக்கும்போது காசிம் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. மேற்குச் சுவர் உப்புக் கரிக்கிறது என்றார். பூச்சு காய்ந்ததும் ஒவ்வொரு சுவரையும் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். வண்டிக்காரன் ஆற்று மணலுக்குப் பதிலாகப் பட்டினப்பாக்கத்துக் கடல் மணலைக் கொட்டியிருக்கிறான். இரண்டு மழை கண்டால் பூச்சு உரியும், செங்கல்லும் அரித்துப்போகும். இடித்துக் கட்ட ஒரு மாதம் ஆகும்.

கெடுவை நீட்ட விதியில் இடமில்லை. அதனால் நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு யோசனை சொன்னேன். இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“இன்ஜினீயர் சுவத்தை நக்கிண்டா பார்க்கப் போறார்? பேசாம இரும் மேஸ்திரி.”

“புள்ளைங்க சாஞ்சுக்கினு உக்கார்ற செவுரு சார்,” என்றார் காசிம். அவ்வளவுதான்.

ஜாமீன்காரரிடம் சொல்லியாக வேண்டுமே. முனுசாமியை வரவழைத்து மூவரும் மாம்பலம் போனோம். காசிமை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் நேரே போய்ச் சுவரை நக்கினார், துப்பினார்.

“இடி நைனா. சுண்ணாம்பு நான் தர்றேன்.”

சுவர் மறுபடி எழுந்தது, ஆனால் கெடு தாண்டி. டெபாசிட் போயிற்று. காசிமின் பெயரை என் கையாலேயே சிவப்பு மையில் அடித்தேன்.

மறு வருஷம் அவர் புதிதாக மனு போட்டார். பெயர் அடிக்கப்பட்ட காரணத்தை மறைக்காமல் எழுதியிருந்தார். படித்துப் பார்த்த இன்ஜினீயர், ஜாமீன் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வந்தவர் அதே முனுசாமி. போன தடவை வீடே போகப் பார்த்ததே, யோசித்துத்தான் போடுகிறீரா என்று கேட்டேன்.

“அவன் சொல்லாம வுட்டிருந்தா, யாருக்கு ஜாமீன் போட்டேன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது சார். இப்போ தெரியும்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று டெண்டர் பார்க்கும் பிள்ளைகளே, பத்திரங்களை நன்றாகச் சரிபாருங்கள்; அது உங்கள் வேலை. நான் ரிடையராகும் வரை ஒவ்வொரு புதுக் காண்டிராக்டரிடமும் இன்னொன்றும் கேட்டேன். யாரும் சொல்லாமல் நீராகவே இடித்துக் கட்டிய சுவர் ஏதாவது உண்டா என்பேன். உண்டு என்று சொன்னவர்கள் ரொம்பக் கொஞ்சம். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் அடிக்க நேரவில்லை.