உட்காரத் தெரியாத மாணவி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மனிதர்கள் தூங்குவார்கள். நான் கோலசிலாங்கூரிலிருந்து லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒரு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பேன். அங்கே கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு மலாய் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது நானே தேடிக்கொண்ட வேலை. சம்பளம் கிடையாது. பன்னிரண்டு பேரோடு தொடங்கிய வகுப்பு, மூன்றாம் வருடத்தில் ஒரே ஓர் அக்காவில் வந்து நின்றது. அவரும் வராமல் போனால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவர் வராமல் இருக்கமாட்டார். செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பிறந்தது இதே தோட்டத்து லயத்தில்தான். பிறப்பைப் பதியாமல் விட்டதால் ஐம்பத்தைந்து வயதிலும் கையில் குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். நேர்காணலில் மலாய் பேசி, வாசித்தும் காட்டவேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

வாசிக்கும்போது எழுந்து நிற்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் மேற்பார்வை மண்டோர் முன்னால் நிற்பதுபோலக் கைகட்டி, தலைகுனிந்து. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. களைத்துப்போன வாத்தியாருக்கு வேறென்ன கிடைக்கிறது?

நேர்காணலுக்கு நானே காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

"என்னாச்சுக்கா?"

"உக்காரச் சொன்னாரு டீச்சர். ரெண்டு தடவ சொன்னாரு. பெரிய ஆபிசர் முன்னால எப்புடி உக்கார்றது? நின்னேன். காகிதத்த நீட்டுனாரு. எழுத்தெல்லாம் தெரிஞ்சிச்சு, வாய்தான் தொறக்கல. 'யா துவான், யா துவான்'னு 'ஆமாங்கய்யா' மட்டுந்தான் வந்திச்சு. இன்னொரு தடவ கூப்புடுவாங்களாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருட ஞாயிறுகள்!

"நாற்காலில உக்கார்றதக்கூடவாக்கா நான் சொல்லிக்குடுக்கணும்?" என்று அந்த வாசலிலேயே கத்திவிட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மூணு வருசமா நின்னுதானே படிச்சேன். நீங்களும் ஒருநாளு 'உக்காருங்கக்கா'ன்னு சொல்லலியே டீச்சர்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். வீடு திரும்பும்வரை எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி. நுனியில் உட்கார்ந்தார். அரை வரி வாசிப்பதற்குள் எழுந்துவிட்டார். "உக்காருங்கக்கா." மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அன்று ஒரு பத்தியைக்கூடத் தாண்டவில்லை.

நேர்காணலுக்குத் தேதி இன்னும் வரவில்லை. போன வாரம் ஒரு பக்கம் முழுவதையும் உட்கார்ந்தபடியே வாசித்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். கடைசி வரி முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப எந்திரிக்கலாமா டீச்சர்?"