பனியில் சறுக்கிய அம்மா

போர்க்காலத்தில் விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தேன். அடுத்த அறையில் அறுபது வயது அம்மா ஒருவர். கொழும்பு வெயிலிலும் சிவப்புக் கம்பளித் தொப்பியோடுதான் குழாயடிக்கு வருவார். சுவிஸில் மகனோடு மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி, ஊருக்குப் போகக் காத்திருந்தவர்.

ஒருநாள் காலை பொலிஸார் சோதனைக்கு வந்தார்கள். வந்தால் தமிழரில் இரண்டு மூன்று பேரையாவது பிடித்துக்கொண்டு போவார்கள். அடையாள அட்டைகளோடு வரிசையில் நின்றோம்.

"அம்மா, ஏன் தொப்பி? குளிரா?" என்று இன்ஸ்பெக்டர் தமிழில் கேட்டார்.

அம்மா அட்டையோடு ஒரு படத்தையும் நீட்டினார். படத்தில் அவர் அதே தொப்பியோடு, சேலைக்கு மேல் கோட்டு அணிந்து, சறுக்குவண்டியில் பனிமலையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"பயம் இல்லையா?"

"மகன்தான் பயந்தவன். நான் மூண்டுதரம் சறுக்கினனான். பிறகு உருக்கின சீஸுக்குள்ள பாணைத் தோய்ச்சுச் சாப்பிட்டனாங்கள். அடுத்தநாள் டவுனில பாட்டுக் கச்சேரி."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். மற்றப் பொலிஸாரையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். அன்று அவர்கள் யாரையும் கொண்டுபோகவில்லை.

"அவ்வளவு நல்ல இடத்தை விட்டிட்டு ஏனம்மா வந்தனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"பாத்தாச்சு, சறுக்கியாச்சு. இனி அங்க ஆரோட கதைக்கிறது, தம்பி?"

எனக்கும் சுவிஸ் விசா கிடைத்தது. இருபது வருடமாக அந்த மலைகளைத் தினமும் பார்க்கிறேன். சறுக்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை.